பிழைத்த தொடுகை

பைன்டவுன் கிடங்கின் இரண்டாம் மாடியில்
என் இடது முன்கைமேல் இன்னொரு தோலை ஒட்டினார்கள்.
ஆறிய பாலில் படியும் ஆடைபோல்
அவ்வளவு மெலிசு.
உள்ளே வெள்ளி இழைகளாம், என் கண்ணுக்குத் தெரியவில்லை.
கையை மடக்கினால் கூடவே மடங்கியது.
"இழுத்துப் பாருங்கள் மிஸஸ் கோவெண்டர், கிழியாது"
என்றாள் நொம்புசோ.

ஒரு தட்டு, பாட்டு.
இரு தட்டு, மௌனம்.
கீழிருந்து மேலே வருடினால் ஒலி கூடும்.
மணிக்கட்டோரம் அழுத்திப் பிடித்தால்
யாரையாவது கூப்பிடும்.

என் வேலை அதைப் பயன்படுத்துவது அல்ல.
பயன்படுத்தாமல் இருப்பது.
ஐந்து நாள், இரவும் பகலும் போட்டிருந்து
நான் ஒன்றும் எண்ணாதபோது
அது என்ன எண்ணிக்கொள்கிறது என்று எழுதித் தர வேண்டும்.
நாளொன்றுக்கு அறுநூறு ராண்ட்.

திங்கள்.
டாக்சியில் பின்வரிசைச் சில்லறை
என் தோளைத் தாண்டி முன்னே போகையில்
எவனோ ஒருவனின் முழங்கை.
பாட்டு.
இறங்கினால் மழை, பெரிய பெரிய துளி.
பாட்டு மௌனம் பாட்டு மௌனம் பாட்டு
பக்கத்தில் நின்ற பையன் ஆடவே தொடங்கிவிட்டான்.

செவ்வாய்.
பன்னி சௌ. ரொட்டியின் அடி நனைந்து
குழம்பு முழங்கைவரை வழிந்தது.
நக்கினேன். ஒலி உச்சத்துக்குப் போனது.
அதையும் எழுதினேன்.
வெட்கப்பட்டால் அறுநூறு வராது.

புதன்.
கொசு கணக்கில் வரவில்லை.
கொசுவை அடித்த அடி வந்தது.

வியாழன் காலை
நொம்புசோ திரையை என் பக்கம் திருப்பினாள்.
"அதிகாலை மூன்று பன்னிரண்டு.
நாலு நிமிடம் இருபது வினாடி.
இத்தனை நீளமாக எங்கள் சோதனையில்
யாரும் யாரையும் தொட்டதில்லை.
நீங்கள் எழுதவும் இல்லை."

தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன்.
கூட யார் என்று அவள் கேட்கவில்லை,
படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.
நானாகத்தான் சொன்னேன்:
சாட்ஸ்வர்த்தில் வீடு. இரும்புக் கதவுக்கு உள்பூட்டு.
சாவி தலையணைக்கு அடியில்.
ஜன்னல் திறந்திருந்தது, குரங்காக இருக்கும்.
போன மாசம் ஒன்று வந்து ரொட்டியை எடுத்தது,
போகிற போக்கில் என் பல் பிரஷையும்.

சிரித்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினாள்.
கறுப்பில் ஐந்து வெளிச்சங்கள்.
நான்கு முழுசு.
ஒன்று மட்டும் மொட்டை.

மொபெனி ஆலையில், தொண்ணூற்று ஏழில்,
பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன்.
வலது ஆள்காட்டி விரலின் நுனியை
இயந்திரம் தன் பங்காக எடுத்துக்கொண்டது.

கையை மெல்லக் கைப்பைக்கு அடியில் நகர்த்தினேன்.

"அழுத்தம் பாருங்கள், சீராக இல்லை" என்றாள்.
"முதலில் லேசு. பிறகு இறுக்கம்.
நடுவில் விட்டுவிடப் பார்த்து மறுபடி.
அதுவும் மணிக்கட்டோரம்."

அப்படியானால் யாரைக் கூப்பிட்டது?

மேசை மூலையில் கிடந்த போனைக் காட்டினாள்.
சோதனை எண்ணாம்.
ஆளில்லாத இந்த மாடியில், இருட்டில்,
நாலு நிமிடம் இருபது வினாடி
இது அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

படிவத்தில் இரண்டே கட்டம்.
வேண்டுமென்று. தவறுதலாக.
பேனா இரண்டுக்கும் நடுவே நின்றது.
மழை என்று எழுதிக்கொள் என்றேன்.
"நேற்று டர்பனில் மழையே இல்லையே, மிஸஸ் கோவெண்டர்."

வெள்ளி மாலை உரித்தெடுத்தாள்.
கொஞ்சம் முடியும் சேர்ந்து வந்தது.
கீழே என் சொந்தத் தோல்
வெளுத்து, ஈரமாக,
கட்டுப் பிரித்த காயம்போல் கூசியது.

திரும்பும் டாக்சியில் பின்வரிசைச் சில்லறை வந்தது.
இடது கையை நீட்டி வாங்கினேன்.
யாருடைய விரல்களோ, வியர்வையோடு,
தேவைக்கு மேல் ஒரு நொடி.
எங்கும் எதுவும் பாடவில்லை.

எண்ணிப் பார்த்து முன்னே கொடுத்தேன்.
இரண்டு ராண்ட் குறைந்தது.